அண்ணனை மன்னிக்காததால்தான் எனக்கு ரத்த அழுத்தமா?

கேள்வி: எனக்கு 58 வயது, டாக்டர். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அம்மாவோடு பால்மரம் வெட்டி வளர்ந்தவள். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் டவுனுக்கு வந்துவிட்டோம். அம்மா தன் சேமநிதிப் பணத்தைப் போட்டு வாங்கிய மலிவு விலை வீட்டை, என் அண்ணன் அம்மாவிடம் கைநாட்டு வாங்கித் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். படுக்கையில் கிடந்த அம்மாவைக் கடைசி நான்கு ஆண்டுகள் பார்த்துக்கொண்டவள் நான். அம்மா போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இப்போது அண்ணனுக்குச் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் நடக்கிறது. என்னைப் பார்க்க வேண்டும் என்கிறாராம். "மன்னித்துவிடு, மனதில் வைத்திருப்பதால்தான் உனக்கு வியாதி" என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். ரத்த அழுத்தம் 160க்குக் கீழே இறங்குவதில்லை. இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, நெஞ்சு இறுக்குகிறது. மகள் கைப்பேசியில் தியானப் பயிற்சி ஒன்றைக் காட்டினாள். கண்ணை மூடினால் அண்ணன் முகம்தான் வருகிறது. கோபம்தானே காரணம் என்று சில நாள் மாத்திரையையும் விட்டுவிடுகிறேன். சில காலைகளில் எழுந்திருக்கவே வேண்டாம் போல் இருக்கிறது. எப்படி மன்னிப்பது? அண்ணனைப் போய்ப் பார்க்கத்தான் வேண்டுமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். மன்னிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் மூன்று விஷயங்களை முடித்துவிட வேண்டும்.

முதலாவது, மாத்திரை. இன்று இரவே மறுபடி தொடங்குங்கள். கோபம் தணிந்த பிறகு மாத்திரை தேவையா என்று பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். 160 என்ற அளவு யார் மீதும் கோபமே இல்லாத மனிதரின் மூளை ரத்தக்குழாயையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். உங்கள் அண்ணனுக்குச் சிறுநீரகம் போயிருக்கிறது என்கிறீர்கள். ஒரே ரத்தம் என்பதால் உங்கள் சிறுநீரகத்தையும் சர்க்கரையையும் இந்த மாதமே பரிசோதிக்க வேண்டும். கால் வீக்கம், இருமல் போன்ற தொல்லைகளால் மாத்திரை பிடிக்கவில்லை என்றால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு மாத்திரை தருவார். இரண்டாவது, நெஞ்சு இறுக்கம். அது மனவேதனையால் வந்ததாகவே இருக்கலாம். ஆனாலும் இ.சி.ஜி. எடுத்துப் பார்க்காமல் அப்படிச் சொல்லிவிட எந்த மருத்துவருக்கும் உரிமையில்லை. அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளிதான் கட்டணம், நாளைக்கே போங்கள். இறுக்கம் சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினாலோ கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காமல் 999 எண்ணை அழையுங்கள்.

மூன்றாவது, எழுந்திருக்கவே வேண்டாம் போல் இருக்கிறது என்று கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அது. உங்களை நேராகக் கேட்கிறேன்: உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வருகிறதா? வந்தால் மகளிடம் இன்றே சொல்லுங்கள். மனம் உடைந்தவர்களின் பேச்சைக் கேட்டு ஆறுதல் தரும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-76272929 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. அந்த எண்ணம் வரவில்லை என்றாலும், விடியுமுன் விழிப்பு வந்து மறுபடி தூக்கம் பிடிக்காமல் போவதும், காலையில் உடம்பு கனத்துக் கிடப்பதும் மனச்சோர்வு நோயின் அடையாளங்களாக இருக்கக்கூடும். அதற்கு மருந்தும் உண்டு, ஆலோசனையும் உண்டு. நான் கீழே எழுதப்போகும் எந்தப் பயிற்சியும் அவற்றுக்கு மாற்று ஆகாது.

இனி உங்கள் சொந்தக்காரர்கள் சொன்னதற்கு வருகிறேன். மன்னிக்காததால்தான் வியாதி என்று ஒரு பெண்ணிடம் சொல்வது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. ஏமாற்றப்பட்டதும் நீங்கள், நோயாளியும் நீங்கள், குற்றவாளியும் நீங்கள்தான் என்று ஆக்கிவிடுகிறது அந்தப் பேச்சு. 58 வயதில் நம் நாட்டில் ரத்த அழுத்தம் வருவதற்கு ஆயிரம் காரணங்கள் உண்டு. குடும்ப வாகு, உடல் எடை, உப்பு, கருவாடு, ஊறுகாய் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் நீங்களாகவே வாங்கிச் சாப்பிடும் மாத்திரைகளில் சிலவும் அழுத்தத்தை ஏற்றும்.

அதற்காகக் கோபத்துக்கும் உடம்புக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2024இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான 280 பேரைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரைத் தங்களுக்குக் கோபமூட்டிய ஒரு நிகழ்ச்சியை 8 நிமிடம் நினைக்கச் சொன்னார்கள். யாரும் அவர்களைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. வெறும் நினைப்புதான். அந்த நினைப்புக்கே ரத்தக்குழாய்களின் விரியும் திறன் குறைந்தது. அந்தக் குறைவு 40 நிமிடம்வரை நீடித்தது. துக்கத்தையும் கவலையையும் நினைத்தவர்களிடம் அந்த அளவு மாற்றம் தெரியவில்லை. இரவு மூன்று மணிக்கு அந்தக் கைநாட்டுக் காகிதத்தை மனதில் நீங்கள் விரித்துப் படிக்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் உடம்பு ஒரு சண்டையை நடத்தி முடிக்கிறது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: அண்ணன் அந்த 8 நிமிடத்தை உங்களிடமிருந்து எத்தனை முறை எடுத்துக்கொள்கிறார் என்பதைக் குறைக்க வேண்டும். அவருக்காக அல்ல, உங்களுக்காக.

நீங்கள் பால்மரம் வெட்டியவர் என்பதால் உங்களுக்கு இது எளிதில் விளங்கும். என் தாயும் பால் வெட்டியவர்தான். பெரட்டுக்கு, அதாவது விடியுமுன் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும் முன் விளக்கு வெளிச்சத்தில் கத்தி தீட்டும் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. மரத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வெட்டுவார்கள். நாள்தோறும் வெட்டினால் பால் வற்றிப்போகும், பட்டை காய்ந்துவிடும். கத்தி பட்டையோடு நின்றால் வெட்டிய இடத்தில் புதுப்பட்டை வளரும். ஆழமாக இறங்கி மரத்திலேயே பட்டுவிட்டால் அந்த இடம் முடிச்சு முடிச்சாகத் தடித்துப் போகும், பிறகு அங்கே கத்தி ஓடாது. அண்ணன் போட்டது ஆழமான வெட்டுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே இடத்தில் ஒவ்வோர் இரவும் கத்தி வைப்பது நினைப்பு. அந்தக் கத்தியைக் கீழே வைக்கக் கற்றுக்கொள்வதைத்தான் மன்னிப்பின் தொடக்கம் என்று நான் நினைக்கிறேன்.

மன்னிப்பதென்றால் நடந்ததை மறப்பது என்று பொருளில்லை. அவர் செய்தது சரி என்று ஒப்புக்கொள்வதும் இல்லை. உறவு கொண்டாடுவது முற்றிலும் வேறு காரியம், அதற்கு எதிராளியின் நேர்மையும் வேண்டும். வீட்டின் மீது உங்களுக்குள்ள உரிமையை விட்டுக்கொடுப்பதும் மன்னிப்பில் சேராது. கைநாட்டு வைத்தபோது அம்மாவுக்கு விவரம் தெரிந்திருந்ததா என்பது சட்டம் கேட்கும் கேள்வி. இத்தகைய வழக்குகளுக்குக் காலவரம்பு உண்டு, ஆகவே வழக்கறிஞரிடம் கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள். வசதி குறைந்தவர்களுக்கு அரசாங்கத்தின் சட்ட உதவித் துறை இருக்கிறது. மனதில் கோபமில்லாமலும் ஒருவர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

இப்போது பயிற்சி. கண்ணை மூடினால் அண்ணன் முகம் வருகிறது என்றீர்கள். அப்படியானால் கண்ணை மூடாதீர்கள், அவ்வளவுதான். ஆழ்ந்த காயம் உள்ளவர்களுக்குக் கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பது சில சமயம் பதற்றத்தைக் கூட்டிவிடும். பயிற்சி உங்களுக்கு வரவில்லை என்று நினைக்காதீர்கள், அந்த வகைதான் உங்களுக்குப் பொருந்தவில்லை. முழுக்கவனம் என்பது இப்போது நடப்பதை, அதோடு சண்டை போடாமல் கவனிப்பது. அமெரிக்காவில் ஜான் கபட்-சின் 1979இல் மருத்துவமனை நோயாளிகளுக்கு இதை 8 வாரப் பயிற்சியாக வகுத்தார். அதன் வேர் பௌத்தத்தில் இருக்கிறது. அதற்கு ஆசனமும் ஊதுவத்தியும் தேவையில்லை.

காலையில் வாசற்படியில் உட்காருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு உள்ளங்கால்களையும் சிமெண்டுத் தரையில் வையுங்கள். குளிர்ச்சி தெரிகிறதா? எதிரே இருப்பதைப் பாருங்கள். கேட்கும் சத்தங்களை ஒவ்வொன்றாக எண்ணுங்கள்: சேவல், மோட்டார் சைக்கிள், பக்கத்து வீட்டுத் தாளிப்பு. மூன்று நிமிடம் போதும். அண்ணன் நினைவு வரும், கட்டாயம் வரும். வந்தால் விரட்டாதீர்கள். "கோபம் வந்திருக்கிறது" என்று மனதுக்குள் பெயர் சொல்லுங்கள். உடம்பில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: தாடையிலா, நெஞ்சிலா, மடங்கிய விரல்களிலா? அதைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளங்காலுக்கு வாருங்கள். நூறு முறை போனால் நூறு முறை திரும்புங்கள். அப்படித் திரும்புவதுதான் பயிற்சி.

இதை நான் ஏட்டிலிருந்து மட்டும் சொல்லவில்லை. பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் மூத்த மருத்துவர் ஒருவர், நான் செய்யாத தவறுக்காக, நோயாளிகள் முன்னிலையில் என்னைத் தோட்டக்காட்டுப் பிள்ளை என்று சொல்லி இழிவுபடுத்தினார். அதைப் பதினைந்து ஆண்டுகள் சுமந்தேன். அவர் நினைவு வரும்போதெல்லாம் என் பற்கள் இறுகுவதை ஒருநாள் கவனித்த பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. அந்த மனிதர் எங்கோ இருக்கிறார், இறுகுவது என் தாடை. அன்றைக்கே நான் மன்னித்துவிடவில்லை. ஆனால் தாடையைத் தளர்த்த முடிந்தது.

உள்ளங்கால் பயிற்சி இரண்டு வாரம் பழகிய பிறகு பரிவை அதோடு சேருங்கள். பரிவு அண்ணனிடமிருந்து தொடங்கக் கூடாது. பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். எடுத்த எடுப்பில் எதிரியை வாழ்த்த முயன்று, முடியாமல், தன்மீதே வெறுப்புக் கொள்கிறார்கள். முதலில் உங்களுக்கு. கையை நெஞ்சில் வைத்து, "எனக்கு நடந்தது அநியாயம். அது வலிக்கிறது. நான் நலமாக இருக்கட்டும்" என்று சொல்லுங்கள். நான்கு ஆண்டுகள் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்த கை அது. அந்தக் கைக்கு யாராவது நன்றி சொன்னார்களா? நீங்களாவது சொல்லுங்கள். இந்த இடத்தில் அழுகை வந்தால் அழுங்கள். அம்மாவுக்காக அழ வேண்டிய அழுகையைக் கோபம் இத்தனை நாளாக அடைத்து வைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த வாரங்களில் நெஞ்சுக்கு இனியவர் ஒருவர்: மகள், பேரப்பிள்ளை, மறைந்த அம்மாவே ஆனாலும் சரி. பிறகு உங்களுக்கு நல்லதும் கெட்டதும் செய்யாத ஒருவர்: கிளினிக்கில் எண் கூப்பிடும் பெண், மளிகைக் கடையில் மூட்டை தூக்கும் வங்காளதேசத்துப் பையன். "இவர் நலமாக இருக்கட்டும்." இவ்வளவே.

அண்ணன் இந்த வரிசையின் கடைசியில் வருகிறார். அவர் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம்போல், இயந்திரத்தோடு கட்டப்பட்டுக் கிடப்பார். தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். இதைச் சொல்வது உங்களை இளகவைக்க அல்ல. அவர் செய்ததும் உண்மை, அவர் படுவதும் உண்மை. இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்க முடிகிற ஒரு நாள் வரலாம். அன்று, "நோவு குறையட்டும்" என்ற இரண்டு சொற்கள் உங்களிடமிருந்து வந்தால் அதுவே ஏராளம். வராவிட்டால் வரிசையில் முன்னால் இருப்பவர்களிடமே நில்லுங்கள்.

இது நடக்கக்கூடியதுதானா என்ற சந்தேகம் உங்களுக்கு வரலாம். எவரெட் வொர்த்திங்டன் என்ற உளவியலாளர் மன்னிப்பைப் பற்றியே வாழ்நாளெல்லாம் ஆய்ந்தவர். அவருடைய தாய், வீடு புகுந்த திருடனால் கொலை செய்யப்பட்டார். அவர் வகுத்த முறையில் தயாரான ஒரு பயிற்சி ஏட்டை இந்தோனேசியா, உக்ரைன் உட்பட ஐந்து இடங்களில் 4,598 பேரிடம் சோதித்துப் பார்த்தார்கள். மொத்தம் மூன்று மணி நேரம்போல் பிடிக்கும் பயிற்சி அது. மன்னிக்கும் மனம் கூடியது, மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. அதன் முடிவுகள் 2024இல் வெளிவந்தன. அந்த முறையில் வரும் ஒரு படி உங்களுக்கு உதவும். மன்னிக்க முடிந்த நாளில் அதை ஒரு தாளில் தேதியோடு எழுதி வைத்துக்கொள்வது. தீபாவளிக்கோ அம்மாவின் திதிக்கோ கோபம் மறுபடி பொங்கும்போது, எல்லாம் வீணாகிவிட்டது என்று தோன்றும். அப்போது அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். பழைய வலி நினைவுக்கு வந்தது என்பதால் மன்னிப்பு பொய்யாகிவிடாது.

மூன்று மணி விழிப்புக்கு ஒரு சொல். பெரட்டுக்கு எழுந்து பழகிய உடம்பு அந்நேரத்தில் விழிப்பதில் வியப்பில்லை. விழித்தபடி படுக்கையில் புரளாதீர்கள். எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து உள்ளங்கால் பயிற்சியைச் செய்யுங்கள். தூக்கம் வந்தால் படுங்கள். கைப்பேசியைத் தொடாதீர்கள், குறிப்பாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவை.

சொந்தக்காரர்கள் மறுபடி கேட்டால், "டாக்டரிடம் போய்க்கொண்டிருக்கிறேன், என் வேகத்தில் விடுங்கள்" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் அவர்களுக்கு விளக்கம் தர வேண்டியதில்லை.

அண்ணனைப் பார்க்கப் போக வேண்டுமா? கட்டாயமில்லை. உறவினர் நெருக்குகிறார்கள் என்பதற்காகப் போகாதீர்கள். ஆனால் அவர் உடல்நிலை நிலையற்றது, போகாமல் விட்டால் பின்னால் உங்கள் மனம் உங்களையே கேட்குமா என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும். போவதென்று முடிவெடுத்தால் மகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். டயாலிசிஸ் முடிந்த அன்று அவர் களைத்திருப்பார், மறுநாள் போங்கள். அரை மணி நேரம் போதும். வீட்டுப் பேச்சு எழுந்தால், "அதை இன்னொரு நாள் பேசுவோம் அண்ணா" என்று சொல்லி எழுந்து வந்துவிடலாம். மன்னித்தேன் என்ற சொல்லை அங்கே யாருக்காகவும் சொல்லாதீர்கள்.

இந்த வாரம் காலையும் மாலையும், ஐந்து நிமிடம் அமர்ந்திருந்த பிறகு, இரண்டிரண்டு முறை ரத்த அழுத்தம் பார்த்து ஏழு நாளுக்கு எழுதுங்கள். அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள். இ.சி.ஜி. முடிவையும் அதோடு சேர்த்து அனுப்புங்கள், அம்மா. நான் பார்க்கிறேன்.