வீட்டு ஏல் பியர்: பாட்டிலில் அடைக்க அவசரப்படுகிறவர்களுக்கு (கேள்வி பதில்)

கேள்வி: 20 லிட்டர் ஏல் போட்டு நாலு நாள் ஆகிறது. ஏர்லாக்கில் (வாயுவை வெளியே மட்டும் விடும் அடைப்பான்) குமிழி நின்றுவிட்டது. பாட்டிலில் அடைக்கலாமா?

பதில்: வேண்டாம். குமிழியை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். மூடி சரியாக உட்காராவிட்டால் நொதித்தல் மும்முரமாக நடக்கும்போதும் குமிழி வராது. எல்லாம் முடிந்த பிறகும் அறை சூடேறினால், கரைந்திருந்த வாயு வெளியேறிக் குமிழி விடும். ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியை அளக்கும் மிதவை; சர்க்கரை நொதிக்க நொதிக்க அளவு இறங்கும்) காட்டுவதுதான் கணக்கு. 1.048-ல் தொடங்கிய வோர்ட் (முளைகட்டிய தானியமான மால்ட்டின் சாறு) பெரும்பாலும் 1.010 முதல் 1.012-க்குள் வந்து நிற்கும். மூன்று நாள் இடைவெளி விட்டு இரண்டு முறை பாருங்கள். அளவு அசையவில்லை என்றால் அடைக்கலாம்.

அளக்கும் குழாயில் ஹைட்ரோமீட்டரை விட்டதும் விரலால் ஒரு சுழற்று சுழற்றுங்கள். தண்டில் வாயுக் குமிழிகள் ஒட்டியிருந்தால் அதை மேலே தூக்கிவிடும், அளவு கூடுதலாகக் காட்டும். அளந்த பியரைத் திரும்பத் தொட்டியில் ஊற்றாதீர்கள். அசுத்தமும் காற்றும் சேர்ந்தே உள்ளே போகும்.

கேள்வி: அடைத்த பத்தாம் நாள் இரண்டு பாட்டில் வெடித்துவிட்டது. 1.016-ல் அடைத்தேன், பாட்டிலில் வாயு உண்டாக 20 லிட்டருக்கு 120 கிராம் சர்க்கரைதான் போட்டேன். அது அதிகமா?

பதில்: சர்க்கரை அளவு சரி. லிட்டருக்கு 6 கிராம் என்பது ஏலுக்குப் பொருத்தமானதுதான். தவறு அந்த 1.016. அது பாட்டிலுக்குள்ளேயே 1.010 வரை இறங்கினால், லிட்டருக்கு ஏறக்குறைய 12 கிராம் சர்க்கரை கூடுதலாக நொதிக்கிறது. நீங்கள் போட்டது போல இன்னும் இரண்டு மடங்கு! சாதாரண பியர் பாட்டில் அதைத் தாங்காது.

மிச்சமுள்ள பாட்டில்களை இப்போது வெறுங்கையால் தொடாதீர்கள். தடித்த கையுறையும் முகக் கவசமும் அணிந்து, பெட்டியோடு குளிர வையுங்கள். குளிர்ந்தால் அழுத்தம் குறையும். பிறகு ஒவ்வொன்றின் மேலும் துணியைப் போர்த்தி, மூடியை மெல்ல நெம்பி வாயுவை விடுங்கள்.

கேள்வி: அறை 28 டிகிரி. பியரில் நெயில் பாலிஷ் வாடை, குடித்தால் தொண்டை காந்துகிறது. ஈஸ்ட் கெட்டுப்போனதா?

பதில்: ஈஸ்ட் கெடவில்லை, சூட்டில் தவித்திருக்கிறது. நொதிக்கும்போது ஈஸ்டே வெப்பத்தை வெளியிடும். அறை 28 என்றால் தொட்டிக்குள் 32 வரைகூடப் போயிருக்கும். சாதாரண ஏல் ஈஸ்டுக்கு 18 முதல் 20 டிகிரி போதும். முதல் மூன்று நாள்தான் முக்கியம், வாடைகளில் பெரும்பகுதி அப்போதே உருவாகிவிடும். தொட்டியைத் தண்ணீர் நிறைந்த அகலமான டப்பில் நிறுத்தி, உறைய வைத்த பாட்டில்களைக் காலையும் மாலையும் மாற்றிப் போடுங்கள். அதற்கு வழியில்லை என்றால் நார்வே நாட்டு குவைக் ஈஸ்டை வாங்குங்கள். 30 டிகிரிக்கு மேலும் அது சுத்தமான சுவை தரும். ஏற்கெனவே வந்த வாடையை எடுக்க வழியில்லை.

கேள்வி: வெண்ணெய் வாடை?

பதில்: டைஅசிட்டைல். ஈஸ்ட் தானே உண்டாக்கி, கடைசியில் தானே உறிஞ்சிக்கொள்வது. சீக்கிரம் குளிர வைத்தால் அந்த வேலை பாதியில் நின்றுவிடும். ஹைட்ரோமீட்டர் அளவு நின்ற பிறகும் 20 டிகிரியில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். பாட்டிலில் அடைத்த பிறகு, புளிப்போடு சேர்ந்து அந்த வாடை வந்தால் அது பாக்டீரியா. தொட்டியின் உட்புறக் கீறல்களைப் பாருங்கள்.

கேள்வி: தொட்டியை நன்றாகக் கழுவியும் ஏலில் மருந்துக்கடை வாடை. குழாய்த் தண்ணீர்தான் பயன்படுத்துகிறேன்.

பதில்: தண்ணீரிலுள்ள குளோரின் மால்ட்டின் பீனால்களோடு சேர்ந்தால் அப்படித்தான் நாறும். கொதிக்க வைத்தால் குளோரின் போகும், குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) இருந்தால் அது எளிதில் போகாது. 20 லிட்டருக்குக் கால் கேம்டன் மாத்திரையை (சல்பைட் மாத்திரை) பொடித்துக் கலக்கிச் சில நிமிடம் விடுங்கள், இரண்டும் போய்விடும். மால்ட் போடுவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். தொட்டியை பிளீச்சில் கழுவி மேலோட்டமாக அலசினாலும் இதே வாடைதான் வரும்.