ஐந்து ஐந்து கிராமாகக் கரையும் மூட்டை
(மளிகைக் கடை வேலை: வாசகர் கேள்விகள்)

பொட்டலம் போடும் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. 50 கிலோ துவரம்பருப்பு மூட்டையை அரைக் கிலோ பாக்கெட்டுகளாகப் போட்டால் 97தான் முழுதாக வருகிறது. முதலாளி பார்வையே சரியில்லை. பருப்பு எங்கே போகிறது?
*வாசகர், கோவில்பட்டி*

இரண்டு இடத்தில் போகிறது. ஒன்று, சாக்கு. 50 கிலோ பிடிக்கும் சணல் சாக்கே அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். வந்தது சாக்கோடு சேர்த்து 50 கிலோவா, சரக்கு மட்டுமா என்று பில்லைப் பாருங்கள். இறக்கியதும், பிரிக்கும் முன்பே எடை போட்டு மூட்டை மேலேயே எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, உங்கள் கை. தராசு 505 காட்டும்போது நிறுத்தினால் ஒரு பாக்கெட்டில் தெரியாது. நூறு பாக்கெட்டில் அரைக் கிலோ. கரண்டியால் 480 வரை கொட்டிவிட்டு மிச்சத்தை விரலால் விடுங்கள். தட்டில் ஃபேன் காற்று நேராக விழுந்தால் கடைசி எண் ஆடிக்கொண்டே இருக்கும், தராசை நகர்த்துங்கள்.

அதற்காகக் குறைத்தும் போடக் கூடாது. வெறும் கவரைத் தட்டில் வைத்து, 'டேர்' பொத்தானை அழுத்தி, பூஜ்யம் வந்த பிறகே பருப்பு. கவரின் எடையைப் பருப்பு விலைக்கு விற்பது சட்டப்படி குற்றம்.

ஐந்தைந்து கிராமாக ஏறும் பெரிய தராசில் 100 கிராமுக்குக் குறைவாக எதையும் நிறுக்காதீர்கள். அந்தக் கீழ் வரம்பு தராசிலேயே பொறித்திருக்கும். 50 கிராம் ஏலக்காயில் 5 கிராம் பிசகினால் பத்தில் ஒரு பங்கு போச்சு. அதற்குச் சின்னத் தராசு வேண்டும்.

மூட்டைத் தையலைப் பிரிக்கும்போது நூல் முடிச்சு விழுந்து, கடைசியில் கத்தியால் கிழிக்கிறேன். மற்றவர்கள் ஒரே இழுப்பில் உருவுகிறார்களே?
*வாசகர், திண்டுக்கல்*

மெஷின் தையல் ஒரு பக்கம் நேர்க்கோடாகவும் மறுபக்கம் சங்கிலியாகவும் இருக்கும். நேர்க்கோடு உங்களைப் பார்க்கும்படி மூட்டையை நிறுத்தி, வலது ஓரத்து நூலைச் சாக்கின் விளிம்பை ஒட்டி வெட்டி இழுங்கள், சரசரவென வந்துவிடும். தையல் முடிந்த முனையிலிருந்துதான் அது உருவும். தொடங்கிய முனையில் எவ்வளவு இழுத்தாலும் இறுகத்தான் செய்யும். கிழிக்காத சாக்குக்கு விலை உண்டு என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

நாள் முழுக்க நின்றே வேலை. உட்கார்ந்தால் முதலாளி முறைக்கிறார். கால் வீங்குகிறது.
*வாசகி, விருதுநகர்*

கடைகளில் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-அ பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். நான்கு மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி நேர ஓய்வும் அதே சட்டத்தில் உண்டு. சட்டத்தைச் சொல்லிச் சண்டைக்குப் போவதைவிட, பாக்கெட் ஒட்டுவது, ஸ்டாக் எழுதுவது போன்றவற்றை ஸ்டூலில் உட்கார்ந்து செய்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள். கை ஓய்வதில்லை என்பதால் முதலாளிக்கும் மறுக்கத் தோன்றாது. வீக்கம் காலையிலும் வடியாமல் இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

வாங்கிய டீத்தூளில் சோப்பு வாசனை என்று ஒரு அம்மா திருப்பிக் கொடுத்துவிட்டார். சரக்கு மட்டமா?
*வாசகர், சிதம்பரம்*

சரக்கில் குறை இருக்காது, அடுக்கினதில்தான். டீத்தூளும் அரிசியும் பக்கத்து வாசனையை இழுத்துக்கொள்ளும். சோப்பு, ஊதுபத்தி, பாச்சை உருண்டை மூன்றையும் எதிர்ச் சுவர் அலமாரிக்கு மாற்றுங்கள். பெருங்காயத்தைத் தகர டப்பாவை விட்டு வெளியே எடுக்காதீர்கள்.