ரத்தமா, பத்திரமா?

கேள்வி: சூனியக்காரிச் சகோதரிகளின் கதையான 'சார்ம்ட்' தொடரின் எட்டு சீசன்களையும் பிரெஞ்சுக் குரலில் நானும் தங்கையும் இரண்டு முறை பார்த்துவிட்டோம். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் மூத்தவளுக்குப் பொருளை நகர்த்தும் சக்தி, அடுத்தவள் பைப்பருக்குக் காலத்தை நிறுத்தும் சக்தி, இளையவள் ஃபீபிக்கு மட்டும் ஏதோ காட்சி தெரிவதோடு சரி. ரத்தத்தில் வருவது என்றால் எல்லோருக்கும் ஒன்றுபோல வரவேண்டாமா? பள்ளியில் உயிரியல் சொல்லித்தரும் என் தங்கை, மெண்டல் விதிப்படி எல்லாம் சரிதான் என்கிறாள். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். இன்னொன்றும் கேட்கவேண்டும். எங்கள் பாட்டி திருஷ்டி கழித்தால் அழுகிற குழந்தை உடனே தூங்கிவிடும். அந்தக் கைராசி எனக்கு வருமா? — ஒரு வாசகி, ரோஸ்ஹில், மொரிஷியஸ்

பதில்: முதலில் உங்கள் தங்கையைக் கவனித்துவிடுகிறேன், ஆசிரியைகளைக் காத்திருக்க வைக்கக்கூடாது. அந்தக் குடும்பத்தின் மூலவர் மெலிண்டா வாரன். பொருளை நகர்த்துவது, காலத்தை நிறுத்துவது, நடக்கப்போவதைக் காண்பது ஆகிய மூன்று சக்தியும் அவர் ஒருவரிடமே இருந்தன. தொடரின் கணக்குப்படி 1692இல் சேலம் நகரில் அவரை உயிரோடு எரித்துவிட்டார்கள். (மாம்பழத்துக்குப் பேர்போன நம் சேலம் இல்லை, அமெரிக்காவில் இருக்கும் சேலம். உண்மைச் சரித்திரத்தில் அங்கே சூனியக்காரி என்று யாரையும் எரிக்கவில்லை. 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், ஒருவரைக் கல் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். எரித்தால்தான் திரையில் எடுப்பாக இருக்கும் என்று நினைத்திருப்பார்கள் போலும்.) சாகும்போது மெலிண்டா சொன்ன வாக்கு: தலைமுறைக்குத் தலைமுறை சக்தி கூடும், கடைசியில் மூன்று சகோதரிகள் வருவார்கள்.

1692இலிருந்து தொடர் தொடங்கிய 1998 வரை 306 ஆண்டுகள். இருபத்தைந்து ஆண்டுக்கு ஒரு தலைமுறை என்றால் பன்னிரண்டு தலைமுறை. ரத்தம் பாதி பாதியாகக் கரைந்து வருகிறது என்று வைத்தால், மெலிண்டாவின் ரத்தத்தில் இந்தப் பெண்களுக்குக் கிடைத்திருக்கக்கூடியது நாலாயிரத்துத் தொண்ணூற்றாறில் ஒரு பங்கு. இல்லை, மெண்டல் சொன்னபடி பண்பு கரையாமல் முழுதாகவே வரும் என்பார் உங்கள் தங்கை. சரி, முழுதாகவே வரட்டும். அப்போதும் அது கூடாதே! மெண்டலின் நெட்டைப் பட்டாணிக் கொடி பன்னிரண்டாம் தலைமுறையில் பனைமரம் ஆகிவிடவில்லை. தலைமுறைதோறும் ஏறுகிற ஒரே பொருள் வங்கியில் போட்ட முதல்தான், அதுவும் யாரும் எடுத்துச் செலவழிக்காமல் இருந்தால்.

இன்னும் சந்தேகம் இருந்தால் இதைக் கேளுங்கள்: உங்கள் மூக்கின் அமைப்பை யாராவது உங்களிடமிருந்து திருட முடியுமா? அந்தத் தொடரில் சக்தியைத் திருடலாம். சூனியக்காரியைக் கொன்றவனுக்கு அவள் சக்தி போய்ச்சேரும், முதல் அத்தியாயத்திலேயே பைப்பரின் காதலன் இந்த எண்ணத்தோடுதான் கத்தியோடு வருகிறான். சக்தியைப் பூட்டி வைக்கலாம். பாட்டி பென்னி பேத்திகளின் சக்தியை 1975லேயே கட்டிவைத்துவிடுகிறார். (பாட்டியின் பெயர் பென்னி, அம்மாவின் பெயர் பேட்டி. தமிழில் எழுதும்போது நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.) சக்தியைப் பறிமுதலும் செய்யலாம். சொந்த லாபத்துக்குப் பயன்படுத்தினாள் என்று ஆறாம் சீசனில் ஒரு தீர்ப்பு மன்றம் ஃபீபியின் சக்திகளைப் பிடுங்கிக்கொள்கிறது. வேடிக்கைக்காக மாற்றிக்கொடுக்கவும் செய்யலாம். பைப்பர் வயிற்றில் இருக்கும் குழந்தை, அம்மாவும் அப்பாவும் ஒருவர் கஷ்டத்தை ஒருவர் உணரட்டும் என்று இருவர் சக்தியையும் இடம் மாற்றிவிடுகிறதே, நினைவிருக்கிறதா?

திருடக்கூடியது, பூட்டக்கூடியது, பறிமுதல் ஆகக்கூடியது, கைமாறக்கூடியது. இதற்கு நம் ஊரில் ரத்தம் என்றா பெயர்? சொத்து என்று பெயர். உங்கள் வழக்கு உயிரியல் வகுப்பில் தீர்கிற வழக்கு இல்லை, சகோதரி. சொத்துப் பத்திரம் எழுதும் நோட்டரி அலுவலகத்தில் தீரவேண்டியது.

அங்கே போனால் எல்லாம் விளங்கிவிடும். நம் தீவின் வாரிசுச் சட்டம் பிரெஞ்சுக்காரர் விட்டுப்போனது, 1810இல் வந்த பிரிட்டிஷாரும் அதை அப்படியே விட்டுவைத்தார்கள். மூன்று பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் சொத்தில் முக்கால் பங்கு பிள்ளைகளுக்குக் கட்டாயம் போகவேண்டும். பெற்றவர் தம் விருப்பப்படி எழுதிவைக்க எஞ்சுவது கால் பங்கு. பிடிக்காத பிள்ளை என்று யாரையும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் பங்கு உண்டு என்பது வேறு, எந்தத் துண்டு யாருக்கு என்பது வேறு. ஒருவருக்குத் தெருவோர மனை, ஒருவருக்குக் கரும்புக் காடு, ஒருவருக்குப் பழைய வீடு. மூத்தவள் ப்ரூவுக்கு வந்தது பாட்டி பென்னியின் சக்தி, பைப்பருக்கு வந்தது அம்மாவின் சக்தி. மெலிண்டாவிடம் ஒன்றாக இருந்தது மூன்று துண்டாகப் பிரிந்தது, அவ்வளவுதான். பிரிந்தும் முழுக்கப் பிரியவில்லை. மூவரும் கைகோத்தால்தான் பெரிய மந்திரம் பலிக்கும். பாகப்பிரிவினை ஆகாத குடும்ப நிலம் எதையாவது அண்ணன் தம்பிகள் விற்கப் புறப்பட்டதைப் பார்த்திருப்பீர்கள். எல்லோர் கையெழுத்தும் விழாமல் ஒரு செங்கல் நகராது.

ஃபீபிக்காக நீங்கள் வருந்துவது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. முதல் சீசன் முழுக்க அவளும் இப்படித்தான் புலம்பினாள். அப்புறம் காற்றில் எழும்பினாள், பிறர் மனத்தில் இருப்பதை உணர்ந்தாள். ப்ரூவின் சக்தி கண்ணில் தொடங்கிக் கைக்கு வந்தது, பைப்பர் உறையவைப்பதோடு நில்லாமல் வெடிக்கவைக்கவும் கற்றாள். கரும்புக் காட்டை வைத்துக்கொண்டு அதில் என்ன பயிரிடுகிறாய் என்பது உன் பாடு. ஒருத்திக்குக் கோபத்தில் பாத்திரம் பறக்கிறது, ஒருத்திக்குப் பயத்தில் எதிரே நிற்பவன் உறைகிறான். தன் குணத்தை ஆளத் தெரியாதவரை தன் சக்தியையும் ஆளத் தெரியவில்லை. தொடரில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான். சண்டைக் காட்சிகளை நான் பெரும்பாலும் ஓட்டிவிடுவேன்.

நீங்கள் கேட்டிருக்கவேண்டியதும் கேட்காமல் விட்டதுமான ஆள் பெய்ஜ். மூன்றாம் சீசன் முடிவில் ப்ரூ இறந்துபோனாள், ஏனென்றால் அந்த நடிகை விலகிவிட்டார். மூன்று பேர் இல்லாமல் கதை நடக்காது. உடனே நான்காம் சீசனில் அம்மாவுக்கு இன்னொருவர் மூலம் பிறந்து, கைக்குழந்தையாகவே தேவாலயத்தில் ஒப்படைக்கப்பட்ட ஒரு மகள் வந்து நிற்கிறாள். அவள் தந்தை வைட்லைட்டர், அதாவது சூனியக்காரிகளுக்குக் காவலாக இருக்கும் வானுலக ஆள். அதனால் அவள் சக்தியில் அம்மா வழியும் உண்டு, அப்பா வழியும் உண்டு. பொருளின் பெயரைச் சொல்லி அழைத்தால் அது ஒளித்துகளாகி அவள் கைக்கு வரும். நம் வாரிசுச் சட்டத்துக்கு மூலமான நெப்போலியன் சட்டம் 1804இல் வெளிவந்தபோது திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு முழு வாரிசுரிமை தரவில்லை. அந்த வகையில், கதை நடக்கும் சான் பிரான்சிஸ்கோவின் சூனியக்காரிகள் பாரிஸ் வக்கீல்களைவிடத் தேவலை.

ஆனால் பெய்ஜின் பத்திரம் பின்தேதியிட்டு எழுதியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்று சீசன் வரை அப்படியொரு மகள் இருந்ததற்கு ஒரு பெருமூச்சுகூடக் கிடையாது. இதற்கும் மேலே, முதல் சீசனில் அப்பாவின் குடும்பப் பெயரே ஹாலிவெல். பிறகு அவர் விக்டர் பென்னட் ஆகிவிட்டார், ஹாலிவெல் தாய்வழிப் பெயராக மாறியது. பதிவேட்டில் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிவைத்த முப்பாட்டன் பெயரை இன்றும் குடும்பப் பெயராகச் சுமக்கிற நமக்கு இதைப் பார்த்துச் சிரிக்கும் தகுதி கொஞ்சம் குறைவுதான். இருந்தாலும் நம் எழுத்தர் ஒரு முறைதான் எழுதினார், திருத்தவில்லை.

பெண்வழிச் சொத்து என்று ஆனபிறகு பைப்பருக்கு ஆண் குழந்தை பிறந்ததும் இறந்துபோன பாட்டி ஆவியாக வந்து முகம் சுளிப்பார். நம் வீடுகளில் பெண் பிறந்தால் சுளித்த அதே முகம். ரசித்துப் பார்த்தேன்.

இனி உங்கள் பாட்டி. 'குலவித்தை கல்லாமல் பாகம் படும்' என்பது பழமொழி. குடும்பத் தொழில் படிக்காமலேயே ஒரு பங்கு வந்துவிடும். மீதிப் பங்கைப் பற்றிப் பழமொழி பேசவில்லை, தொடர் பேசுகிறது. அந்தப் பெண்களின் சக்தி பாட்டி இறந்தபின், ஃபீபி பரணுக்குப் போய்க் குடும்பத்தின் மந்திரப் புத்தகத்தைத் திறந்து படித்த பிறகுதான் விழித்தது. உங்கள் வீட்டில் அந்தப் புத்தகம் பாட்டியின் தலைக்குள் இருக்கிறது. எத்தனை மிளகாய், கல்லுப்பு எத்தனை கை, எந்தப் பக்கமாக மூன்று சுற்று, நெருப்பில் போடும்போது உதடு அசைகிறதே, என்ன சொல்கிறார்? இதில் ஒன்றாவது உங்களுக்குத் தெரியுமா? எட்டு சீசனை இரண்டு முறை பார்க்க நேரம் இருந்தவர் அல்லவா நீங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பாட்டி பக்கத்தில் போய் உட்காருங்கள். தங்கையையும் கூட்டிக்கொண்டு போங்கள், குறிப்பேட்டோடு. பாட்டி நோட்டரி கட்டணம் கேட்கமாட்டார்.