தாலாவும் ஸ்வோட்டியும்: பழைய மாற்று விகிதங்கள் பற்றி வந்த கேள்விகள்

கேள்வி: 2008 ஜூலையில் ஒரு சமோவா தாலாவுக்குச் சுமார் 80 போலந்து குரோஷ்தான் (100 குரோஷ் ஒரு ஸ்வோட்டி) கிடைத்தது. 2022 செப்டம்பர் கடைசியில் ஏறக்குறைய 1.80 ஸ்வோட்டி. தாலா அவ்வளவு வலுவாகிவிட்டதா?

இல்லை. அதே காலத்தில் தாலா டாலருக்கு எதிராகக் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கிறது. அன்று ஒரு டாலருக்கு ஏறத்தாழ 2.50 தாலா, 2022இல் 2.80 அளவு. பெரிதாக ஆடியது ஸ்வோட்டி. 2008 ஜூலையில் டாலர் 2 ஸ்வோட்டியை ஒட்டியிருந்தது. உலக நிதி நெருக்கடியில் 2009 பிப்ரவரிக்குள் 3.80ஐத் தாண்டியது. உக்ரைன் போர் நடந்த 2022இல் 5ஐயும் கடந்தது.

காரணம் எளிது. தாலாவை சமோவா மத்திய வங்கி ஒரு நாணயக் கூடையோடு, அதாவது பல நாட்டு நாணயங்களின் தொகுப்போடு, கட்டி வைத்திருக்கிறது. ஸ்வோட்டியோ 2000 ஏப்ரல் முதல் சந்தையில் மிதக்கிறது, அதன் விலையைச் சந்தையே தீர்மானிக்கிறது. இந்த ஜோடியின் வரைபடத்தை யார் காட்டினாலும், பக்கத்தில் டாலர்-ஸ்வோட்டி வரைபடத்தையும் வைத்துப் பாருங்கள். மேடு பள்ளம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்.

கேள்வி: ஒரே தேதிக்கு இரண்டு தளங்கள் இரண்டு விகிதம் காட்டுகின்றன. எது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். தாலாவையும் ஸ்வோட்டியையும் நேரடியாக வாங்கி விற்கும் சந்தை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. தாலாவை டாலருக்கு மாற்றி, டாலரை ஸ்வோட்டிக்கு மாற்றிக் கணக்குப் போடுகிறார்கள். எந்த நேரத்து டாலர் விலையை எடுத்தார்கள், வாங்கும் விலையா விற்கும் விலையா சராசரியா என்பதைப் பொறுத்து விடை மாறும்.

அதிகாரபூர்வமான எண் வேண்டுமானால் போலந்து தேசிய வங்கியின் ‘பி’ அட்டவணைக்குப் போங்கள். டாலர், யூரோ போன்றவை ‘ஏ’ அட்டவணையில் வேலை நாள்தோறும் வரும். தாலா வருவது ‘பி’யில், வாரம் ஒரு முறை, வழக்கமாகப் புதன்கிழமை. அப்படியென்றால் வெள்ளிக்கிழமை விகிதம் என்று ஒரு தளம் காட்டுவது இந்த அட்டவணையிலிருந்து வந்ததல்ல, அவர்களே கணக்கிட்டது. வங்கியின் இணையச் சேவையில் 2002 ஜனவரி முதலான விகிதங்களை எடுக்கலாம்.

கேள்வி: 1990இல் ஒரு தாலாவுக்கு 4,000 ஸ்வோட்டி என்று ஒரு பட்டியலில் இருக்கிறது. அச்சுப் பிழையா?

பிழை இல்லை, அது பழைய ஸ்வோட்டி. கடும் பணவீக்கத்துக்குப் பிறகு, 1990 ஜனவரியில் போலந்து நிதியமைச்சர் பால்செரோவிச்சின் பொருளாதாரச் சீர்திருத்தத்தோடு ஒரு டாலர் 9,500 ஸ்வோட்டி என்று நிறுத்தினார்கள். அப்போது டாலருக்குச் சுமார் 2.30 தாலா. வகுத்தால் 4,100 அளவில் வரும். 1995 ஜனவரி 1 அன்று நான்கு சுழியங்களை வெட்டி, 10,000 பழையதற்கு 1 புதியது என்று ஆக்கினார்கள். ஆக, இன்றைய பணத்தில் அது 41 குரோஷ்தான். 1995க்கு முந்தைய எண் எதைக் கண்டாலும், அது 10,000ஆல் வகுத்ததா இல்லையா என்று முதலில் பாருங்கள். நீண்ட காலத் தொடர்களைச் சேர்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள்.

கேள்வி: தாலா எப்போது தொடங்கியது? அதன் WST என்ற குறியீட்டில் ‘டபிள்யூ’ எதற்கு?

1967 ஜூலையில். ஒரு மேற்கு சமோவா பவுண்டுக்கு 2 தாலா. நியூசிலாந்து டாலருக்குச் சமமாகத் தொடங்கியது. ‘தாலா’ என்பதே ‘டாலர்’ என்ற சொல் சமோவ நாக்கில் உருமாறியதுதான். ‘டபிள்யூ’ என்பது ‘வெஸ்டர்ன்’, அதாவது ‘மேற்கு’. நாட்டின் பெயரிலிருந்து அது 1997இல் போய்விட்டது, குறியீட்டில் தங்கிவிட்டது. பக்கத்திலுள்ள அமெரிக்க சமோவாவில் புழங்குவது அமெரிக்க டாலர். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: 2011 டிசம்பர் 30க்கு விகிதம் தேடினேன். சில இடங்களில் இருக்கிறது, சில இடங்களில் இல்லை.

அழகான கேள்வி! அந்த வெள்ளிக்கிழமை சமோவாவில் விடியவே இல்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தோடு நாள் ஒத்துப்போக வேண்டும் என்று நாடு சர்வதேசத் தேதிக்கோட்டின் மறுபக்கம் மாறியது. வியாழன் 29 முடிந்ததும் சனி 31 பிறந்தது. வார்சாவில் அது சாதாரண வேலை நாள், அதனால் டாலர் வழியாக ஒரு எண்ணைக் கணக்கிட முடியும். ஆனால் சமோவா தலைநகர் அபியாவில் அந்தத் தேதியில் எந்த வங்கியும் திறந்திருக்கவில்லை. உங்கள் தொடரில் அந்த நாளுக்கு 29ஆம் தேதி விகிதத்தையே இட்டு, ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதி வையுங்கள்.