4294967297 என்ற எண்ணுக்கு அப்படி என்ன தனிச்சிறப்பு?

2³² உடன் 1-ஐக் கூட்டினால் வருவது இந்த எண். பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா 1640-இல் 2¹+1, 2²+1, 2⁴+1, 2⁸+1, 2¹⁶+1 ஆகியவை, அதாவது 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும், பகா எண்களாக இருப்பதைக் கண்டு, அடுக்கை இவ்வாறே இரட்டித்துக்கொண்டு போனால் கிடைப்பவை யாவும் பகா எண்களே என்று கருதினார். அந்த வரிசையில் ஆறாவதாக நிற்பது 4294967297. 1732-இல் சுவிஸ் கணிதர் ஆய்லர் இதை 641 × 6700417 என்று பிரித்துக் காட்டியதும் அந்தக் கருத்து பொய்யாகிப் போனது.

இதன் வர்க்கமூலம் 65536-ஐச் சற்றே தாண்டும். அதுவரை உள்ள பகா எண்கள் 6542. அத்தனையாலும் வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என்பதை ஆய்லரே நிறுவியிருக்கிறார். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று தொடங்குகின்றன. ஐந்தாவது முயற்சியிலேயே விடை கிடைத்துவிடுகிறது.

வகுக்காமலே இதைக் காட்டும் வழி ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 641 என்பது 5 × 2⁷ + 1. அதுவே 5⁴ + 2⁴ ஆகவும் இருக்கிறது. முதல் வடிவத்தின்படி, 641-ஆல் வகுக்கும்போது வரும் மீதியைப் பொறுத்தவரை 5 × 2⁷ என்பது −1-க்குச் சமம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1-க்குச் சமமாகிறது. இரண்டாம் வடிவத்தின்படி 5⁴-க்குப் பதிலாக −2⁴ என்று எழுதலாம் என்பதால், −2³² என்பது 1-க்குச் சமம். எனவே 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது.

ஃபெர்மாவின் சிறு தேற்றத்தின்படி, p என்பது 2-ஐத் தவிர்த்த பகா எண்ணானால் 2-இன் (p−1)-ஆம் அடுக்கை p-ஆல் வகுக்க மீதி 1 வரும்; வராவிட்டால் p பகா எண் அல்ல என்பதால், இதை ஒரு சோதனையாகவும் பயன்படுத்தலாம். நம் எண்ணால் வகுக்கும்போது 2³² என்பது −1-க்கும், ஆகவே 2⁶⁴ என்பது 1-க்கும் சமம். 4294967296 என்பது 64-இன் மடங்கு என்பதால், பகு எண்ணாக இருந்தும் இது அந்தச் சோதனையில் தேறிவிடுகிறது. ஃபெர்மா தம் தேற்றத்தாலேயே இதைச் சோதித்திருந்தாலும், 2-ஐ எடுத்திருந்தால் ஏமாந்திருப்பார். 3-ஐ எடுத்திருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

இன்னொரு பண்பு, இது இரு வர்க்கங்களின் கூட்டலாக இரண்டு விதங்களில் எழுதப்படுவது: 65536² + 1² என்பது எல்லோருக்கும் தெரிவது, 62264² + 20449² என்பது அவ்வளவு எளிதில் கண்ணில் படாதது. பகா எண்ணை இப்படி ஒரு விதத்துக்கு மேல் எழுத இயலாது என்பதால், காரணி எதுவென்று தெரியாமலே இது பகு எண் என்று சொல்லிவிடலாம். அந்த இரு வடிவங்களையும் சமன்படுத்தி வேறுபாடுகளின் பொதுக்காரணிகளை எடுத்தால், (4² + 25²) × (409² + 2556²) என்ற பெருக்கல் கிடைக்கிறது. முதல் அடைப்பில் இருப்பது 641, இரண்டாவதில் இருப்பது 6700417.