32 பிட் விண்டோஸில் 4 ஜிபி ராம் போட்டும் 3.25 ஜிபிதான் காட்டுகிறது. ராம் பழுதா?

பழுதில்லை. இதே சந்தேகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவன் நான். ராமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து, இடம் மாற்றிச் செருகிப் பார்த்தேன். மறுபடியும் 3.25. பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்குமுன் கணினியைத் தயார் செய்யும் மதர்போர்டு நிரல்) போனால் அங்கே 4096 எம்பி என்று சமர்த்தாக நிற்கிறது! ராம் முழுசாக இருந்தது, முகவரிதான் பற்றவில்லை.

ராமில் உள்ள ஒவ்வொரு பைட்டையும் ப்ராசஸர் ஓர் எண்ணை வைத்துத்தான் கூப்பிடும். மூன்று இலக்கத்துக்கு மேல் எழுதத் தெரியாதவரிடம் கதவு எண் போடச் சொன்னால், 000 முதல் 999 வரை போட்டுவிட்டு நின்றுவிடுவார். ஆயிரத்தோராவது வீடு இருந்தாலும் அதற்குத் தபால் போகாது. பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஓர் இலக்கம். அப்படி 32 பிட்டில் எழுத முடிந்த எண்கள் 4,29,49,67,296. அதுதான் 4 ஜிபி.

சரி, அப்போது 4 ஜிபியாவது முழுசாக வர வேண்டாமா? வராது. அந்த எண்கள் ராமுக்கு மட்டும் சொந்தமில்லை. கிராஃபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு, பயாஸ் சிப் எல்லாமே 4 ஜிபி எல்லைக்குச் சற்றுக் கீழே ஆளுக்குக் கொஞ்சம் எண்களைப் பிடித்துக்கொள்கின்றன. ப்ராசஸர் அந்த எண்ணில் எதையாவது எழுதினால் அது கார்டுக்குப் போகும், ராமுக்குப் போகாது. காணாமல் போன முக்கால் ஜிபி இப்படிப் போனதுதான். கார்டை மாற்றினால் இந்தக் கணக்கும் மாறும்.

இன்னொன்று. '32 பிட் என்றால் 4 ஜிபிதான்' என்று அடித்துச் சொல்வார்கள், அது பாதி உண்மை. 1978-இல் வந்த 8086 ஒரு 16 பிட் ப்ராசஸர். கணக்குப்படி 64 கேபியோடு நின்றிருக்க வேண்டும். ஆனால் அதற்கு 20 முகவரிக் கம்பிகள். முகவரியை செக்மென்ட், ஆஃப்செட் என்று இரண்டு 16 பிட் எண்களாக வைத்துக்கொண்டு, செக்மென்ட் எண்ணை 16-ஆல் பெருக்கி ஆஃப்செட்டைக் கூட்டும்: செக்மென்ட் 4096, ஆஃப்செட் 20 என்றால் முகவரி 65,556. இப்படியே 1 எம்பி வரை எட்டிப்பிடித்தது. அதேபோல 1995-இல் பென்டியம் ப்ரோ, பிஏஇ என்ற ஏற்பாட்டின் மூலம் 36 பிட் முகவரியைக் கொண்டுவந்தது. அதாவது 64 ஜிபி. லினக்ஸ் அதைப் பயன்படுத்திக்கொண்டது. வீட்டுக்கான 32 பிட் விண்டோஸ் மட்டும் 4 ஜிபியிலேயே நின்றது, காரணம் டிரைவர்கள், அதாவது கார்டுகளை இயக்கும் சிறு நிரல்கள்: அதற்கு மேற்பட்ட முகவரியைப் பார்த்ததும் பல டிரைவர்கள் கவிழ்ந்தன. பிஏஇ இருந்தாலும் ஒரு தனி நிரல் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடியது 4 ஜிபிதான், அதிலும் வழக்கமாகப் பாதியை விண்டோஸ் எடுத்துக்கொள்ளும்.

64 பிட்டிலும் 64 பிட் முழுவதும் முகவரிக்குப் போவதில்லை. இப்போதுள்ள பெரும்பாலான ப்ராசஸர்களில் நிரலுக்குக் கிடைப்பது 48 பிட், அதாவது 256 டிபி. சில புதிய சர்வர் ப்ராசஸர்களில் 57 பிட். நமக்கெல்லாம் அது எட்டாத உயரம், விடுங்கள்.

உங்களுக்கு வேண்டியது 64 பிட் விண்டோஸ். ஆனால் அதை நிறுவும் முன் மதர்போர்டின் கையேட்டைப் பாருங்கள். 2006 வாக்கில் வந்த சில லேப்டாப்களில் ப்ராசஸர் 64 பிட், ப்ராசஸரை ராமோடு இணைக்கும் சிப்செட்டோ 4 ஜிபிக்கு மேல் முகவரி அறியாதது. அதில் எந்த விண்டோஸைப் போட்டாலும் 3 ஜிபி சொச்சம்தான். என் மதர்போர்டில் மெமரி ரீமேப் என்று, எண் கிடைக்காத ராமுக்கு 4 ஜிபிக்கு மேலே எண் கொடுக்கும் ஒரு வசதி பயாஸில் அணைந்து கிடந்தது. அதைப் போட்டுவிட்டு 64 பிட்டை நிறுவினேன், முக்கால் ஜிபி திரும்பி வந்தது.