நோல்டேயின் பாப்பிச் சிவப்பு நம் தாளில் ஏன் சேறாகிறது?

ஜெர்மன் ஓவியர் எமில் நோல்டே மாதிரி நீர்வண்ணத்தில் பாப்பிப் பூ போட்டால் இலையைத் தொடும் இடமெல்லாம் பழுப்பாகிறது, எந்தச் சிவப்பு வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சிவப்பை விடுங்கள், என்ன தாள் என்று சொல்லவே இல்லையே!

ஜெர்மனியின் வடகோடியில், சேபுல்லில், தோட்டத்துப் பாதைகளைக்கூட மனைவி ஆடா பெயரின் ‘A’, தன் பெயரின் ‘E’ வடிவத்தில் போட்டவர் நோல்டே. அந்தப் பூக்களை அவர் வரைந்தது உறிஞ்சும் ஜப்பானியத் தாளில். வண்ணம் உள்ளே இறங்கி ஊறும். ஓரம் தானாக மெத்தென்று ஆகும். உங்களிடம் இருப்பது அநேகமாக, நீரைச் சட்டென்று உறிஞ்சாதபடி பசையேற்றிய தடித்த 300 ஜிஎஸ்எம் தாள். அதில் வண்ணம் வெகுநேரம் மேலேயே மிதக்கும். சிவப்பும் பச்சையும் ஈரத்தோடு சந்தித்தால் பழுப்புதான், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ட்யூபானாலும்.

இந்தத் தாளிலேயே செய்ய வழி உண்டு. இதழ் வரும் இடத்தை மட்டும் நனையுங்கள். தாளைச் சாய்த்துப் பாருங்கள்: கண்ணாடிப் பளபளப்பு போய் மங்கலான மினுக்கம் மட்டும் நிற்கும்போது சிவப்பை வையுங்கள். காய்ந்தால் வெளிறும், அதனால் தேவைக்குமேல் ஒரு படி அழுத்தமாகவே. பூவின் நடுக்கருமைக்கு அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னாப் பழுப்பும் கெட்டியாகக் குழைத்து, பிரஷைத் துணியில் ஒற்றிவிட்டுத் தொடுங்கள். தாளைவிடப் பிரஷில் ஈரம் கூடினால் தண்ணீர் வண்ணத்தை ஓரத்துக்குத் தள்ளி, காலிஃபிளவர் மாதிரி திட்டு விழும். அதைத் தேய்க்கப் போகாதீர்கள், தாள் நார் எழும்பிவிடும். பச்சை கடைசியில்தான், இதழைப் புறங்கையால் தொட்டால் சில்லென்று இருக்கக் கூடாது.

நாஜிக் கட்சிக்காரரின் ஓவியத்தையா பாடமாகச் சொல்கிறீர்கள் என்று யாராவது வருவார்கள். ஆமாம், உறுப்பினர்தான். அதே ஆட்சிதான் 1937-இல் அவருடைய ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளை அருங்காட்சியகங்களிலிருந்து பறித்தது, 1941-இல் தொழில் செய்யவே தடை போட்டது. இரண்டையும் மறைக்கவில்லை. இங்கே கேள்வி ஈரத்தைப் பற்றியது.

எனக்கு எரிச்சல் மலிவு ட்யூப்காரர்கள்மேல்தான். ‘கிரிம்சன்’ என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள், நிறமி எண் (உள்ளே எந்த நிறப்பொருள் என்று காட்டும் குறி; பி.ஆர். என்றால் சிவப்பு, பி.வி. என்றால் ஊதா வகை) இருக்காது. பாப்பிக்கு பி.ஆர். 255 அல்லது பி.ஆர். 108 பாருங்கள். ரோஜாச் சிவப்புக்கு பி.வி. 19. பி.ஆர். 83 என்றிருந்தால் அலிசரின். வெளிச்சத்தில் வெளுக்கும், வைத்துவிட்டு வாருங்கள்.